நகர்ந்தால்தான் வேலை

அந்த ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரலால்கூட ஒரு வேலை செய்வதில்லை என்று பாயிண்டார் முடிவெடுத்தார். முடிவெடுத்ததோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். மனைவியிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டார்.

பாயிண்டார் என்பது தெரு வைத்த பெயர். இன்சூரன்ஸ் ஆபீசில் சீனியர் கிளார்க். யார் என்ன பேசினாலும் "ஒரு பாயிண்ட் கவனிங்க" என்று ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுவார். தூக்கிய விரல் இறங்குவதற்குள் எதிரில் இருப்பவருக்குப் பசி எடுத்துவிடும்.

"மழையில படுக்கையறைச் சுவர் ஊறிப்போச்சுங்க. அந்த பீரோவ இந்தப் பக்கம் நகர்த்தணும்னு எத்தனை நாளா சொல்றேன்?" என்றாள் மனைவி.

"இன்னைக்கு ஆகாது. மத்தியானம் மூணு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் டிவியில மேட்ச். பைனல்! எனக்குன்னே ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டு வச்சிருக்கார். அதுவரைக்கும் பாப்பாவுக்கு அறிவியல் சொல்லித் தரப்போறேன். நாளைக்குப் பரீட்சை இல்ல?"

"சொல்லித் தர்றது வேலை இல்லியா?"

"அது கடமை. இன்னைக்கு என் கையால ஒரே ஒரு வேலை நடந்துச்சுன்னு நிரூபிச்சிடு, அந்த பீரோவ நானே தனி ஆளா நகர்த்தறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? மாறுவேனா?"

மனைவி மறுபேச்சு பேசாமல் சமையலறைக்குப் போனாள். அவள் பேசாமல் போனால்தான் ஆபத்து என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் தெரியவில்லை.

பாயிண்டார் சோபாவில் காலை நீட்டிப் படுத்தார். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் மகளின் மடியில் இருந்தது. சொல்லித் தருவதாகச் சொன்னவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் தப்பாக.

"அப்பா, ஈரத்துணி காயும்போது தண்ணி எங்க போகுது?"

"கீழ சொட்டிடும்."

"ஆவியாப் போகுதுப்பா. வெயிலும் காத்தும் இருந்தா சீக்கிரம் போகும். மழை நாள்ல காத்துலயே ஈரம் இருக்கும், மெதுவாத்தான் காயும். சரி, எரிமலைக் குழம்பு ஆறிப்போனா என்ன ஆகும்?"

"உங்கம்மா சுட வைப்பா."

"தீப்பாறை ஆகும்! நிலாவுக்குச் சொந்தமா வெளிச்சம் இருக்கா?"

"இல்ல. சூரியன்கிட்ட வாங்கித்தான் பளபளன்னு காட்டிக்குது."

இந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னார். "அனுபவம்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மகள் பக்கத்தைப் புரட்டினாள். "ஒருத்தர் சுவரத் தள்ளறார். வேர்த்து ஊத்துது. சுவர் நகரல. அவர் வேலை செஞ்சாரா?"

"வேர்த்து ஊத்துதுங்கிற, பாவம். செஞ்சார்னு போடு."

"தப்பு. விசை கொடுத்து, பொருள் நகர்ந்தாத்தான் வேலை. நகரலன்னா எவ்வளவு கஷ்டப்பட்டாலும் அது வேலையே இல்ல."

பாயிண்டார் விருட்டென்று எழுந்து புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தார். இத்தனை வருஷமாக மனைவியை மடக்கத் தேடிய பாயிண்ட் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் கலர் படத்தோடு கிடந்திருக்கிறது! சந்தோஷம் தாங்காமல் சமையலறைக்கு ஓடினார்.

"நேத்து உன் தங்கச்சி குழந்தையத் தூக்கி வச்சுக்கிட்டே நின்னேன், இடுப்பு ஒடியுதுன்னு புலம்பினியே? ஒரு பாயிண்ட் கவனி. நிக்கறது, புடிச்சுக்கிட்டு இருக்கறது எல்லாம் வேலையே இல்ல. நான் சொல்லல, அறிவியல் சொல்லுது!"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "நகராம நின்னா அது வேலை இல்லியா?"

"இல்லவே இல்ல."

"உயிர் போற மாதிரி வலிச்சாலும்?"

"வலிக்கும் வேலைக்கும் சம்பந்தமே கிடையாது."

"பாப்பா, அப்பா சொன்னதக் கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேம்மா."

சாப்பிட்டுவிட்டு பாயிண்டார் கண் அசரப் போன நேரத்தில் சமையலறையிலிருந்து தேன் ஒழுகும் குரல் வந்தது. "என்னங்க, கொஞ்சம் வாங்களேன். பயப்படாதீங்க, வேலை இல்ல."

போய்ப் பார்த்தால், டப்பாக்கள் வைக்கும் பலகைக்குப் பசை தடவி, தலைக்கு மேல் சுவரில் ஒட்டி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பசை காயற வரைக்கும் இதப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நகர மட்டும் கூடாது."

பாயிண்டார் வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் மகள் புத்தகத்தோடு நின்றாள். மறுத்தால் பாயிண்ட் போய்விடும். இரண்டு கையையும் தூக்கிப் பலகையைத் தாங்கினார். ஆள்காட்டி விரலைத் தூக்கக்கூட இனி வழியில்லை.

"எப்பத்தான் காயும்?"

"மழை நாள்ப்பா, மெதுவாத்தான்," என்றாள் மகள்.

"ஃபேனப் போடுங்க!"

"இங்க ஏதுங்க ஃபேன்? சமையக்கட்டுல ஒண்ணு மாட்டச் சொன்னப்ப, சும்மா நிக்கற இடத்துக்கு எதுக்கு ஃபேன்னு கேட்டது நீங்கதானே?" என்றாள் மனைவி.

தோள் எரிந்தது. மூக்கு அரித்தது. கை மரத்துப்போய், அது தன் கைதானா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"பாயிண்டாரே! மேட்ச் ஆரம்பிச்சாச்சு! ஏதும் வேலையா இருக்கீங்களா?"

"அவர் ஒரு வேலையும் செய்யலண்ணா. சும்மாதான் நிக்கறார்," என்றாள் மனைவி.

"அப்புறம் ஏன் வரல? இந்த நாற்காலிய என் மச்சானுக்குக் கொடுத்துடவா?"

பாயிண்டாருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"ஐயோ, என்னை விடேன்! இடுப்பு ஒடியுது!"

"வலிக்கும் வேலைக்கும் சம்பந்தமே கிடையாதே."

"ஒத்துக்கறேன்! இது வேலைதான். நேத்து நீ குழந்தைய வச்சுக்கிட்டு நின்னதும் வேலைதான்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது வேலையா?"

"வேலை! வேலை! வேலை!"

மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டடைக் குச்சியை எடுத்துப் பலகைக்கு முட்டுக் கொடுத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக நின்றது. அதை முறைத்துப் பார்க்கக்கூட பாயிண்டாருக்கு நேரமில்லை. செருப்பைத் தேடி ஓடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னைக்கு உங்க கையால ஒரு வேலை நடந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. நான் நிரூபிக்கக்கூட வேண்டியதில்ல," என்றாள் மனைவி. "பேச்சு மாறாதவராச்சே. பீரோ அந்த அறையில இருக்கு."

பக்கத்து வீட்டில் விசில் பறந்தது. மச்சான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டும் சத்தம் பாயிண்டாருக்குத் தனியாகக் கேட்டது. அவர் பீரோவுக்கு முதுகைக் கொடுத்து, தரையில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். வேர்த்து ஊற்றியது. சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.

"பாப்பா, அப்பா வேலைய முடிச்சுட்டாரான்னு பாரு!" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

மகள் குனிந்து பீரோவின் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து புத்தகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா."