டாக்டர் கேட்ட ஓட்ஸ் பிஸ்கட்

"இன்னும் வேகலைங்க" என்று சொல்லி, தட்டை மூன்றாம் முறையாக ஓவனுக்குள் தள்ளினாள் அவள்.

வெந்துதான் இருந்தது. எடுக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆறத்தான் இறுகும். சுட்டவர்களுக்கு இது தெரியும். இவள் எங்கே சுட்டாள்? விரலால் அமுக்கிப் பார்த்தாள், அமுங்கியது, மறுபடி உள்ளே தள்ளினாள். ஓட்ஸும் உலர்திராட்சையும் போட்ட அந்த பிஸ்கட்டை அவள் அதுவரை தின்றதுகூட இல்லை.

பின்னே ஏன் இந்த வம்பு என்றால், எல்லாம் வேலைக்காகத்தான். ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. நேர்காணலில் டாக்டர் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்கவில்லை, ஓட்ஸ் பிஸ்கட் சுடத் தெரியுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு அதைத் தட்டில் வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கமாம். முன்னால் உட்காருகிற பெண்தான் வீட்டில் சுட்டு எடுத்து வர வேண்டுமாம். கடைச் சரக்கு கூடவே கூடாதாம். இவளும் கூசாமல், பிரமாதமாகச் சுடுவேன் சார் என்று அடித்துவிட்டாள். பாவம், வேறு என்னதான் சொல்வாள்? கணவனின் கம்பெனி இழுத்து மூடி மாதக்கணக்காகிறது. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமென்றால் இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். விடிந்தால் வெள்ளிக்கிழமை.

காலையில் ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜையில் தட்டினாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யார் வந்திருப்பது என்று பார்க்கக் கணவன் எழுந்து போய், வாசலில் யாரும் இல்லாமல் திரும்பி வந்தான்.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஜன்னல் பக்கம் கொண்டு போகாதே. யார் தலையிலயாவது விழுந்தா போலீஸ் கேஸ் ஆயிடும்."

"சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வருது."

நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அவன் சிரிப்பை விழுங்கிவிட்டு, டப்பாவுக்குள் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மூடினால் பிஸ்கட் இளகிவிடும் என்று எதிலோ பார்த்த யோசனையைச் சொன்னான். அப்படியே செய்தாள். ஆஸ்பத்திரியில் போய்த் திறந்தால் பிஸ்கட் கொஞ்சமும் மசியவில்லை. நல்லபடியாக இருந்த ரொட்டிதான் மனசு மாறி பிஸ்கட்டின் கட்சியில் சேர்ந்திருந்தது.

சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் இருந்தது. அதில் வைத்துச் சூடாக்கியதும் பிஸ்கட் பஞ்சாகிவிட்டது. அப்பாடா என்று தட்டில் அடுக்கிக் காத்திருப்பவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். ஆறியதும் அது முன்பைவிட மோசமாக இறுகும் என்று யார் கண்டது?

பல் சுத்தம் செய்ய வந்திருந்த பெரியவர் ஒருவர் முதல் பிஸ்கட்டை எடுத்தார். கடக்கென்று ஒரு சத்தம். பெரியவர் நாக்கால் துழாவிப் பார்த்தார்.

"ஏம்மா, சுத்தம் பண்றதோட இன்னொரு பல்லையும் பார்க்கச் சொல்லணும் போலிருக்கே."

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஊறினால் சரியாகிவிடும் என்று, ஓடிப்போய் எல்லோருக்கும் டீ போட்டு வந்தாள். டீச்சர் ஒருத்தி ஒன்றை எடுத்து டீயில் முக்கி வைத்தாள். டீ ஆறியது, பிஸ்கட் ஊறவில்லை. ஊறியிருக்கும் என்ற நம்பிக்கையில் டீச்சர் கடித்தாள். போன வருஷம் பல் ஓட்டையில் அடைத்த அடைப்பு பிஸ்கட்டோடு வந்துவிட்டது.

முழுசாக இருப்பதுதான் ஆபத்து என்று அடுத்த ஞானம் பிறந்தது. மிச்சத்தைத் துண்டில் சுற்றிக் கழிப்பறைக்குக் கொண்டுபோய், தரையில் வைத்து ஓங்கி ஓங்கி அடித்துத் துண்டு துண்டாக்கி வந்தாள். இதுதான் வினையாகப் போயிற்று. முழுசை யோசித்துக் கடித்தவர்கள், துண்டை அப்படியே வாயில் போட்டுக் கடைவாய்க்குத் தள்ளினார்கள். மனைவிக்குத் துணையாக வந்த மனிதர் ஒருவர், தனக்கு ஜென்மத்தில் பல் டாக்டரே தேவைப்பட்டதில்லை என்று அளந்துகொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். தட்டை எடுத்துவிடலாமென்று போனால், வீட்டில் கைப்படச் செய்ததாம், வீணாக்கக் கூடாது என்று ஆளாளுக்குத் தடுத்தார்கள். இந்த ஜனங்களின் நல்ல மனசை என்ன சொல்ல!

டாக்டர் நடுநடுவே வெளியே வந்தார். நீண்டுகொண்டே போகும் வரிசையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்குமுன் இவளே முந்திக்கொண்டாள்.

"சார், நானே நின்னுக்கறேன். எனக்கு பிஸ்கட் சுடவே தெரியாது. பொய் சொல்லித்தான் சேர்ந்தேன். மன்னிச்சிடுங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். அலுத்திருந்தாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

"உன்னை யாரும்மா நிக்கச் சொன்னா? திங்கட்கிழமையிலேருந்து நீ பர்மனென்ட்."

வெளியே வந்தவளுக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. இப்படியும் பெரிய மனசுக்காரர் உண்டா! தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் யாரிடமாவது கற்றுக்கொண்டு பூ மாதிரி மெத்தென்று சுட்டு வந்து டாக்டர் மானத்தைக் காப்பாற்றப் போவதாகச் சொன்னாள்.

ஆயாம்மா டாக்டர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதேம்மா. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு மெத்துன்னு சுட்டுத்தான் வேலை போச்சு."