திருத்தம் சொல்லாத ஒரே வாடிக்கையாளர்

இலோய்லோ,
திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு.

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் சேர்த்து மெடிங் அத்தைக்கு,

உங்கள் வலது கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு டெல்ஃபினா எழுதுவது. இங்கே நான், அம்மா, பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடு, அதற்குள் உறைகூடப் பிரிக்காமல் நிற்கும் உங்கள் ஃப்ரிட்ஜ் எல்லாரும் நலம். வின்னிபெக்கில் பனி உருகிவிட்டதா என்றும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் தாத்தா இன்னும் உங்களைத் தன் முதல் மனைவி என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறாரா என்றும் எழுதவும்.

போன மாதம் போனில் நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "நீ வரையிறதை எல்லாரும் மாத்திட்டுத்தான் மாட்டுறாங்க. ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு படத்தை, நீ வரைஞ்சபடியே எடுத்து மாட்டியிருந்தாச் சொல்லு, நான் கனடாப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லைன்னா பெட்டியைக் கட்டு, இங்க முதியோர் இல்லத்துல உனக்கு வேலை சொல்லி வெச்சிருக்கேன்" என்றீர்கள். நானும் வீறாப்பாகச் சரி என்றேன். அதே மூச்சில் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று நான் சொன்னதற்கு, "எதையாவது போட்டு மூடு, எதுன்னு என்னைக் கேக்காத" என்று போனை வைத்துவிட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். கூட்டிக் குறைத்து எழுதினால் அம்மா போனில் உளறிவிடுவார் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் சென்சியோ அண்ணன். சந்தைக்கு எதிரே முழுப் பன்றியைக் கரியில் சுட்டு விற்கிறாரே, அவரேதான். கடைக்குப் பலகை வேண்டும், "உன் இஷ்டம்மா, நீ படிச்ச பொண்ணு" என்றார். எங்கள் தொழிலில் ஒருவர் "உன் இஷ்டம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிட வேண்டும். தெரிந்தும் உட்கார்ந்து வரைந்தேன். கொழுகொழுவென்று, தன் பாட்டுக்கு நிற்கும் ஒரு கறுப்புப் பன்றி. பார்த்துவிட்டு, "ஏம்மா சோகமா நிக்குது?" என்றார். "அண்ணே, அதைச் சுடப் போறீங்க" என்றேன். "அதுக்கு அது தெரிய வேணாமே" என்றார். சரி என்று சிரிக்க வைத்தேன். பிறகு சமையல்காரத் தொப்பி வைக்கச் சொன்னார், பிறகு கையில் கத்தி கொடுக்கச் சொன்னார், கடைசியில் அந்தப் பன்றி தன் விலாவைத் தானே அரிந்து தட்டில் வைத்துக்கொண்டு வழியில் போகிறவர்களைச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அப்போது அவர் மனைவி வந்து பார்த்து, "சவுதிக்குப் போன என் தம்பி சிரிக்கிற மாதிரியே இருக்கு" என்று உட்கார்ந்து அழுதார். தம்பிக்கு மீசை கிடையாதாம். வித்தியாசம் தெரியட்டும் என்று இப்போது பன்றிக்கு மீசை இருக்கிறது.

அடுத்தது பெர்லா அக்கா. மகன் ஜோமார் பொறியாளர் பரீட்சை எழுதியிருந்தான். நம் ஊரில் பிள்ளை பாஸானால் தெருவை அடைத்து பேனர் கட்டாமல் யாருக்குத் தூக்கம் வருகிறது. ஆனால் பெர்லா அக்கா முடிவு வருவதற்கு முன்பே வந்து நின்றார். "ரிசல்ட் வந்த நிமிஷம் தொங்கணும் டெல். பக்கத்து வீட்டுக்காரி மக நர்ஸ் ஆனப்போ மறுநாள்தான் கட்டினா, இன்னும் அதைச் சொல்லிக் காட்டிட்டு இருக்கேன்" என்றார். ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் வரைந்து, அதன் நடுவில் கோட்டு போட்ட ஜோமாரை நிறுத்தினேன். முடிவு வந்தது, அவன் பெயர் வரவில்லை. பெர்லா அக்கா கலங்குகிறவரா? பேனரை வீணாக்கக் கூடாது என்று, "தேர்வில் வென்றதற்கு" என்ற இடத்தில் "தேர்வு எழுதியதற்கு" என்று ஒட்டச் சொன்னார். கட்டுவதற்கு அவனுக்கு இன்னும் உரிமம் இல்லையே என்று பாலத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டார். ஜோமார் இப்போது கோட்டோடு அந்தரத்தில் நிற்கிறான். வீட்டுக்குப் பின்சந்து வழியாகத்தான் போகிறான், பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது.

மூன்றாவதுதான் திருவிழா. ஊர்த்தலைவர் பொன்சோ கூப்பிட்டு, சதுக்கத்தில் கட்டப் பெரிய பேனர் வேண்டும், உழவர்களின் காவலர் புனித இசிதோர் படம் போடு என்றார். அத்தை, இதை நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன். வயல் நடுவில் புனிதர் கண்ணை மூடிச் செபம் செய்கிறார், அவருக்குப் பின்னால் சிறகு விரித்த ஒரு சம்மனசு அவருக்குப் பதிலாக ஏர் பிடித்து உழுகிறது, இரண்டு எருமைகளில் ஒன்று, இன்றைக்கு யார் பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறது. இதுவரை நான் வரைந்ததில் நல்லது இதுதான், இதை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. தலைவரும், "ரொம்ப அழகு. ஓரத்துல என் மூஞ்சி மட்டும் வெச்சிடு" என்றார். வைத்தேன். மறுநாள் ஊர்மன்ற உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் மூஞ்சிகளை அனுப்பினார்கள். அதற்கு மறுநாள் தலைவர் மனைவி, போன வருடம் கொண்டை போட்டு எடுத்த படத்தோடு வந்தார். இடம் இல்லை என்றேன். "புனிதரைக் கொஞ்சம் சின்னதாக்கு" என்றார் தலைவர்.

"தலைவரே, திருவிழாவே அவருக்குத்தானே."

"அவரு வருஷம் பூரா கோயில்லதான இருக்காரு. எங்களுக்கு எலெக்ஷன் வருதும்மா."

முதலில் எருமைகள் போயின. பிறகு சம்மனசு போனது. புனிதர் தபால்தலை அளவுக்கு வந்து, கடைசியில் தலைவர் மனைவியின் கொண்டைக்குப் பின்னால் மறைந்தார். அச்சடிக்கும் நோனோயிடம் நான் கொடுத்த கோப்புகளில் "கடைசி", "கடைசிக்கும் கடைசி", "இதுதான் நிஜமான கடைசி" என்றெல்லாம் இருந்ததில் அவன் தலை சுற்றி, எல்லாவற்றுக்கும் முதலில் இருந்ததை அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டான். தலைவர் விரித்துப் பார்த்து, "என்னம்மா இது, இதுல யாருமே இல்லையே" என்றார். ஒரு புனிதர், ஒரு சம்மனசு, இரண்டு எருமை இருந்தார்கள். நோனோய் வேறு அச்சடித்தான், அது இப்போது சதுக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. வேண்டாம் என்று தள்ளியதை நானும் அவனும் தூக்கி வந்து, நீங்கள் சொன்னபடியே உங்கள் கூரைமேல் போர்த்திக் கயிறு கட்டிவிட்டோம். அச்சுப் பக்கம் மேலே இருந்தால்தான் தண்ணீர் இறங்காது என்று நோனோய் சொன்னான். நேற்று நல்ல மழை, வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

ஆகவே கூரை விஷயம் முடிந்தது, பந்தயத்தில் நான் தோற்றேன். டிக்கெட் எடுத்துவிடுங்கள். வண்ணப் பெட்டிகளை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அங்கே இருக்கும் தாத்தாக்களாவது தங்கள் மூஞ்சியைப் பெரிதாக்கச் சொல்ல மாட்டார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஆனால் மனசு வலிக்கிறது அத்தை, அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

உங்கள் முழங்கால் வலி குறையவும், அந்தத் தாத்தாவுக்கு இரண்டாவது மனைவியின் ஞாபகம் வரவும் புனிதரை வேண்டிக்கொள்கிறேன். அம்மா முத்தம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்கும் மருமகள்,
டெல்ஃபினா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி அனுப்புவதற்குள் திருவிழா வந்துவிட்டது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும். பவனி பாலத்தைத் தாண்டி இறங்கும்போது எதிரே தெரிவது உங்கள் கூரைதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. புனிதர் சிலையைத் தூக்கி வந்தவர்களில் முன்னால் தோள் கொடுத்து வந்தவன் ஜோமார். அவன் அண்ணாந்து பார்த்தான், நின்றான், பின்னால் வந்த எல்லாரும் நின்றார்கள்.

"ஏன்டா நின்னீங்க? நடங்க" என்றார் தலைவர்.

"வீட்டு மேல புனிதரை வெச்சிருக்காங்க தலைவரே. நிக்காம எப்படிப் போறது?"

வீட்டு முன்னால் புனிதர் படம் இருந்தால் பவனி நின்று மன்றாட்டுப் பாட வேண்டும், அந்த வீட்டார் சாப்பாடு போட வேண்டும், இது உங்களுக்குத் தெரியாததா. ஃபாதர் எலிசியோ கூரையைப் பார்த்துவிட்டு, "சதுக்கத்துல ரொம்ப நேரம் தேடினேன். இங்கதான் இருக்காரா" என்று முழங்கால் போட்டார். தலைவரும் வேறு வழியில்லாமல் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் முழங்கால் போட்டார். கூட்டத்தில் யாரோ, "அந்த எருமை திரும்பிப் பாக்குது பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் அழுதுவிட்டேன்.

அம்மாவிடம் ஒரு பானைக் கஞ்சிதான் இருந்தது. சென்சியோ அண்ணன் சுட்ட பன்றி ஒன்றைத் தூக்கி வந்து கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார், அதற்கு மீசை இல்லை. குளிர்ந்த தண்ணீர் வேண்டுமே என்று வீட்டைத் திறந்து உங்கள் ஃப்ரிட்ஜின் உறையைப் பிரித்தோம், மன்னிக்கவும். சாப்பிட்டு முடிந்ததும் ஃபாதர், அடுத்த வருடத் திருவிழாவை முன்னின்று நடத்தப் போகும் உபயக்காரர் என்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார், ஊரே கை தட்டியது.

ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு படம், வரைந்தபடியே என்றீர்கள். அந்த ஆள் நீங்கள்தான் அத்தை, ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. மேலே எடுக்கச் சொன்ன டிக்கெட்டை விட்டுவிட வேண்டாம், உங்கள் பெயரில், இங்கே வருவதற்கு என்று பெயரையும் திசையையும் மட்டும் மாற்றி வாங்குங்கள்.