தொண்ணூற்று நாலாம் வருஷ டீமும் வருங்கால மாப்பிள்ளையும்

"சார், நம்ம காலேஜ் டீம்ல பந்து பிடிக்க இந்த வருஷ ரிசீவர்ஸ் மாதிரி என்னைக்குமே இருந்ததில்ல! வீசுற பந்து ஒண்ணாவது தரையைத் தொடுதா? தொண்ணூத்தி நாலுல இருந்துச்சே ரெண்டு தண்டம்! கையில எண்ணெயைத் தடவிட்டு வந்த மாதிரி, ஃபைனல்ல பந்தைக் கோட்டை விட்டுட்டு முழிச்சுக்கிட்டு நின்னுதுங்க!"

லைலுக்கு அமெரிக்கக் கால்பந்து என்று வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஸ்டேடியத்துக்கு வெளியே, ஆட்டத்துக்கு முன் எல்லாரையும் போல வண்டிக்குப் பின்னால் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த ஹார்லன், இடுக்கியைக் கீழே வைத்தார். அவர் மகள் ரோஸ்லினைக் கட்டிக்கொள்ள சம்மதம் கேட்கத்தான் லைல் முதல்முறையாக அவரைப் பார்க்க வந்திருந்தான். மோதிரம்கூட சட்டைப் பையில் தயாராக இருந்தது.

ரோஸ்லின் அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். "அடப்பாவி! அதுல ஒருத்தர் எங்கப்பாடா!"

ஐயையோ!

"உங்களைச் சொல்லல சார்! நீங்க தங்கம்! கூட ஓடினான் பாருங்க இன்னொருத்தன், அவன்தான் சரியான சோம்பேறி!"

"யாரு, நானா?"

பக்கத்து வண்டியிலிருந்து பீர் டின்னோடு எழுந்தார், மலை மாதிரி ஒரு மனிதர். ரோஸ்லினின் சித்தப்பா வெர்னன்.

லைலுக்குக் குப்பென்று வியர்த்தது. அப்போதாவது வாயை மூடினானா?

"சேச்சே! நீங்க ரெண்டு பேருமே சிங்கம்! பந்தை வீசினானே ஒரு பரதேசி, அவன் ஒழுங்கா வீசியிருந்தா கோப்பை நமக்குத்தான்!"

மூன்றாவது வண்டியின் கதவு திறந்தது. இறங்கியவர் பாதிரியார் டூலி. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அவர்தான் நடத்திவைக்க வேண்டும்.

"அந்தப் பரதேசி நான்தான், மகனே" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"வெர்னா, அந்தப் பக்கம் மறிடா!" என்று கத்தினார் ஹார்லன்.

"சரிண்ணே!"

"டூலி, நீ நடுவுல வா!"

"வந்துட்டேன், விடாதே அவனை!"

லைல் பாய்ந்து போய் ரோஸ்லினின் அம்மா லுவெல்லாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். அந்த அம்மாள் பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு!

"அழாதீங்கம்மா... நான் போயிடறேன். இனிமே ரோஸ்லின் பக்கமே வரமாட்டேன்."

லுவெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"போறதாவது! தோத்ததுக்கு நீதான் காரணம், நீதான் காரணம்னு முப்பது வருஷமா ஒருத்தரோட ஒருத்தர் முகம் குடுத்துப் பேசாத மூணு பேரும் இன்னைக்குத்தான் ஒண்ணு சேர்ந்திருக்காங்க. பொண்ணு உங்களுக்குத்தான் மாப்பிள்ளை, முதல்ல ஓடுங்க!"