அழாமல் பார்த்த கல்சுவர்

அன்பு மகளுக்கு உன் சித்தி எழுதுவது. இங்கே நான், உன் சித்தப்பா, நீ வாங்கி மாட்டிவிட்டுப் போன டிவி, மூவரும் சுகம். அங்கே நீயும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் உன் குரல் அப்படியே உன் அம்மா குரல். நான் அழுகிறேன், உடனே நீ அழுகிறாய், உன் அப்பா போனை வாங்கி "சரி, வெச்சிடறோம்" என்கிறார். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்.

"சித்தி, நீங்க ஒரு படத்தை முழுசா அழாம பார்த்துட்டுச் சொல்லுங்க, லீவு போட்டு வரேன். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழறதுக்குன்னா என்னால முடியாது" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய் அல்லவா? சீரியலில் வாரம் ஒரு பிணம் விழுகிறது, அது வேண்டாம், சித்தப்பாவோடு சாய்ந்து உட்கார்ந்து சும்மா டாக்குமெண்டரி பாருங்கள், மனசுக்கு இதமாக இருக்கும் என்றும் சொன்னாய். இதமா? கேள்.

முதலில் கடலடிப் படம் போட்டோம். நீலத் தண்ணீர், மெல்லிய இசை, சித்தப்பா காலை நீட்டிக்கொண்டார். ஒரு ஆக்டோபஸ் அம்மா முட்டையிட்டுவிட்டு, பொந்தைவிட்டு அசையாமல், ஒரு வாய் தின்னாமல் காவல் காத்து, குஞ்சுகள் வெளியே வந்ததும் செத்துப்போனாள். எட்டுக் கை இருந்து என்ன புண்ணியம், ஒரு கையை நீட்டி ஒரு மீனைப் பிடித்துத் தின்றால் ஆகாதா என்று திட்டத்தான் ஆரம்பித்தேன். உன் அம்மா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான் நீட்டிய கரண்டியைத் தள்ளிவிட்டது ஞாபகம் வந்துவிட்டது, முடிந்தது கதை. சித்தப்பா எழுந்துபோய்க் கழுவி வைத்த தம்ளர்களை மறுபடியும் கழுவினார். அவர் அப்படித்தான். நான் அழுதால் ஒரு வார்த்தை பேசமாட்டார், தம்ளர் கழுவுவார். இந்த வீட்டில் இப்போது தம்ளரைப்போல் சுத்தமான பொருள் வேறு கிடையாது.

பிறகுதான் எனக்குத் தொழில் புத்தி வந்தது. எங்கள் சலவைக் கடைக்குத் தெரியாத துணி வந்தால் எடுத்ததும் இஸ்திரிப் பெட்டியை வைக்கமாட்டேன். உள்பக்கம் மடிப்போரத்தில் லேசாக வைத்துப் பார்ப்பேன், சுருங்கவில்லையென்றால்தான் மேலே தேய்ப்பது. படத்துக்கும் அதே வைத்தியம். மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வரும்போது, சாயங்காலம் பார்க்கப்போகும் படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் தனியாக ஓட்டிப் பார்ப்பது. சிங்கப் படத்தின் கடைசியில் குட்டிகள் புல்லில் உருண்டு விளையாடின. சரி, தேறிவிட்டது என்று சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், நடுவில் தாய்ச் சிங்கத்தை எருமை முட்டிவிட்டது. ஓரம் நன்றாயிருந்தது, நடுவில் ஓட்டை. தம்ளர்.

இனி உயிருள்ளது எதுவுமே வேண்டாமென்று வானத்துக்குப் போனேன். அங்கே ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, இது எப்போதோ செத்துவிட்டது, வெளிச்சம் மட்டும் இன்னும் நமக்கு வந்துகொண்டிருக்கிறது என்றான். "நட்சத்திரமுமா?" என்று கேட்டுவிட்டு, உன் சித்தப்பா நான் அழும்வரைகூடக் காத்திருக்கவில்லை, நேரே அடுப்படிக்குப் போய்விட்டார்.

போன வாரம்தான் அந்தக் கல்சுவர் படம் கண்ணில் பட்டது. மேட்டுநிலத்தில் வயதான புருஷனும் பெண்சாதியும் சிமெண்ட் இல்லாமல், மண்கூட இல்லாமல், கல்மேல் கல்லாக அடுக்கிச் சுவர் கட்டுகிறார்கள். அவ்வளவுதான் படம். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். கடைக்கு லேட்டு, முதலாளி முறைத்தார், முறைக்கட்டும். ஒரு ஈ எறும்பு சாகவில்லை. கடைசியில் அந்த அம்மா ஒரு கல்லை உச்சியில் வைத்துத் தட்டிவிட்டுச் சிரிக்கிறாள், வெள்ளை எழுத்து வருகிறது, யார் யார் எடுத்தார்கள் என்று பேர் போடுகிறான்போல, இங்கிலீஷ், எனக்கு வாசிக்க வராது, சுபம்.

சாயங்காலம் போட்டேன். உன் சித்தப்பாவைத் தெரியுமே, வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து, கடைக்கு போர்டு எழுதுகிற ஆள், சுவரைக் கண்டால் சும்மா இருப்பாரா? "அந்தக் கல்லைத் திருப்பி வைங்க ஐயா" என்று டிவியோடு பேசினார். டிவியில் இருந்த கிழவர் திருப்பியே வைத்தார். இவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே, சுவரையே இவர் கட்டியதுபோல. நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அடக்க முடியவில்லை. படம் முடிந்து வெள்ளை எழுத்து வந்ததும் இவர் ரிமோட்டைப் பாய்ந்து எடுத்து அணைத்த வேகத்தில் டீ கொட்டிவிட்டது, அதற்கும் சிரித்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் கடையில் எல்லோரிடமும் சொன்னேன், மாடி வீட்டுக்காரியை வழிமறித்துச் சொன்னேன்.

ஆகவே சித்தி தயார். லீவு எழுதிக் கொடு. மூன்று பேரும் சாய்ந்து உட்கார்ந்து சுவர் பார்ப்போம். உன் அப்பாவுக்கு என் வணக்கம். உன் துணியும் உன் முகமும் என்றும் சுருக்கம் விழாமல் இருக்க வேண்டுமென்று வாழ்த்தும் சித்தி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், சுவரை இன்னொரு தரம் பார்க்கலாமென்று நான்தான் போட்டேன். ரிமோட் இந்தத் தடவை என் மடியில். வெள்ளை எழுத்து வந்தது, போகவே இல்லை. பேர் என்றால் ஓடவேண்டாமா? "அதுல என்னங்க எழுதியிருக்கு?" என்றேன். போர்டு எழுதுகிறவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். என் மடியிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். "படம் வெளிய வர்றதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்களாம். அவங்க நினைவாத்தான் இந்தப் படமாம்" என்றார். "அன்னைக்கே தெரியுமா?" "தெரியும்." "ஏன் சொல்லல?" "நீ சிரிச்சிட்டிருந்த."

அதைச் சொல்லிவிட்டு அவரே அழ ஆரம்பித்துவிட்டார். உன் அம்மாவைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அழாத மனுஷன். தோளில் கிடந்த துண்டில் ஒரு முனை அவருக்கு, ஒரு முனை எனக்கு. அதனால் மேலே எழுதிய வெற்றியை அடித்துவிட்டுப் படி, நீ போட்ட நிபந்தனையையும் அடித்துவிடு. அழுதுகொண்டே கிளம்பி வா. அவர் எழுந்திருக்கவே இல்லை, டீ குடித்த தம்ளர்கள் அப்படியே கிடக்கின்றன. நீ வந்து கழுவு.