அத்தித் தொட்டியின் அடிப்பக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மனிதர்கள் இருவரும் சுகம். எனக்கு மட்டும் இடுப்பில் ஒரு பிடிப்பு. அது ஏன் வந்தது என்பதைக் கீழே படித்தால் நீங்கள் இரக்கப்பட மாட்டீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் என் வாயில் உண்மை வராது, வழக்கம்போல் ஏதாவது பெருமைதான் வரும். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். பதினெட்டாம் தேதி மாப்பிள்ளையை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டாம். என் அத்தித் தொட்டியை உங்களுக்குக் கொடுக்க முடியாது.

நாம் சம்பந்தம் செய்துகொண்ட இந்த ஆறு வருடத்தில் நமக்குள் வந்த ஒரே வாக்குவாதம், அத்தியைத் தொட்டியில் வைப்பதா தரையில் வைப்பதா என்பதுதான். "மரம்னா மண்ணுல நிக்கணும் சம்பந்தி" என்று நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டீர்கள். நான்தான் விடவில்லை. "தரையில விட்டா வேர் ஊர் மேயப் போயிடும், வெறும் இலைதான் மிச்சம்; தொட்டியில அடக்கி வெச்சாத்தான் காய்க்கும்" என்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் மரத்தைக் குறை சொன்னேன். என் மரம் காய்த்துக் குலுங்கியபோதெல்லாம் கிளை கிளையாகப் படம் எடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளை பிறந்த வருடம் நீங்கள் உங்கள் கையால் நட்ட மரம் என்று தெரிந்தும் அரித்தெடுத்தேன். கடைசியில் போன வருடம், கிளைகளைக் கழித்துத் தோண்டி ஒரு பெரிய பீப்பாயில் மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள். இரண்டு மாதம் கழித்துப் போனில் "போயிடுச்சு சம்பந்தி" என்றீர்கள், அவ்வளவுதான். அதற்கு நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? "தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க." எழுதும்போதே கை கூசுகிறது.

அதோடு நின்றேனா? பேத்தியின் பிறந்தநாளன்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "என் மரத்தையே எடுத்துட்டுப் போங்க சம்பந்தி, தொட்டிதானே, தூக்கி வண்டியில வெச்சா ஆச்சு, இதுதான் தொட்டியோட அருமை" என்று வள்ளல் வேஷம் போட்டேன். "அதெல்லாம் எதுக்கு, அங்கேயே இருக்கட்டும்" என்று நீங்கள் நாலைந்து தடவை தட்டிக் கழித்தீர்கள். கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்து நானே தேதி குறித்து, நானே மாப்பிள்ளையிடம் வண்டிக்கும் ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, தொட்டியை வாசல் பக்கம் நகர்த்தி வைக்கலாமே என்று பிடித்தேன். அசையவில்லை. வயதாகிவிட்டது என்று பக்கத்து வீட்டு உடற்பயிற்சி ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் கட்டிப் பிடித்து முக்கினார்; பிறகு நிமிர்ந்து, "சார், இது தொட்டியா, தூணா?" என்றார். கயிறு கட்டி இழுத்தோம். கயிறு அறுந்து, என் மனைவி போர்வை ஊறவைத்திருந்த வாளியில் அவர் உட்கார்ந்துவிட்டார். துண்டு கொடுத்து அனுப்பினேன். எதிர்வீட்டு டாக்சி டிரைவரிடம் ஜாக்கி வாங்கி வந்து ஒரு பக்கமாக நாலு விரற்கடை உயர்த்தி, குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் வடிவதற்காக அடியில் விட்டிருந்த ஓட்டை வழியே என் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு வேர் இறங்கி, சிமெண்டுத் தரையின் விரிசலில் புகுந்து, துணி துவைக்கிற தண்ணீர் போகும் குழாய்ப் பக்கமாகப் போயிருந்தது. சம்பந்தி, என் தொட்டிமரம் தொட்டியில் இல்லை. தொட்டியைக் கால்சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு இத்தனை வருடமும் தரையில்தான் நின்றிருக்கிறது.

நான் என்ன உத்தியோகம் பார்த்தவன் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். எடையளவு ஆய்வாளர். முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு அளவுப் பாத்திரத்தையும் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தவன். ஒருமுறை ஓர் எண்ணெய்க்கடைக்காரரின் அளவையில் அடியில் மெழுகு ஒட்டியிருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்று அந்த மனிதர் அழுதார். "தினமும் கையில எடுக்கிறவருக்குத் தெரியாம இருக்குமா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டு அவர் மானத்தை வாங்கினேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

வேரைப் பார்த்த அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருந்தால் நான் மனிதன். சொல்லவில்லை. பிளம்பரை வரவழைத்து வேரை அறுக்கச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை அறுத்தா மரம் போயிடும் சார், அது சாப்பிடுறதே இது வழியாத்தான்" என்றார். "நீங்க குழாயை மட்டும் பாருங்க" என்றேன். அவர் ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வியாழக்கிழமை என் மனைவி மூக்குக் கண்ணாடி சரிசெய்யக் கிளம்பியதும், சமையலறையிலிருந்து ரொட்டிக் கத்தியை எடுத்து வந்து, ஒருக்களித்துப் படுத்து, முக்கால் மணி நேரம் நானே அறுத்தேன். இடுப்புப் பிடிப்பு அதனால் வந்தது. கையெல்லாம் அத்திப் பால் பட்டு இன்னும் அரிக்கிறது. உங்களிடம் என் வாய்ச்சொல் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக ஓர் உயிரை அறுத்திருக்கிறேன்.

இன்று மதியத்துக்குள் இலைகள் எல்லாம் துவண்டுவிட்டன. காய்கள் பொத்துப் பொத்தென்று விழுகின்றன. "மரத்துக்கு என்ன சார் ஆச்சு?" என்று ஆசிரியர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "வெயில்" என்றேன். வானம் காலையிலிருந்தே மூடிக்கிடக்கிறது. ரொட்டிக் கத்தியைக் காணோம் என்று என் மனைவி மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ஆகவே சம்பந்தி, எழுத்து மூலமாகவே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மரத்தைக் கொன்றது தண்ணீர் இல்லை, நான். நான் நம்பியதே பொய், அதை உங்கள் தலையில் கட்டினேன், பழியையும் உங்கள்மேலேயே போட்டேன். இதற்காக என் மகளிடம் நீங்கள் முகம் சுளிக்கக்கூட மாட்டீர்கள் என்று தெரியும். அதை நினைத்தால்தான் இன்னும் குறுகிப் போகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத் தகுதியில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் நீடூழி வாழ ஆசிகள். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். தாத்தா செய்ததை அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து கையெழுத்திடும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "உங்கள் மரத்தைக் கொன்றது" என்ற இடம் வந்ததும் அவள் போர்வை மடிப்பதை நிறுத்திவிட்டு, "அந்த மரம் சாகலைங்க" என்றாள். நீங்கள் தோண்டவே இல்லையாமே! போன மாதம் மகளைப் பார்க்க இவள் அங்கே வந்தபோது அதன் நிழலில் உட்கார்ந்துதான் காய் நறுக்கினாளாம். நான் வருகிற அன்று மட்டும் பின்கதவைப் பூட்டி, "பின்பக்கம் பூச்சு வேலை நடக்குது" என்று சொல்வது உங்கள் வீட்டு ஏற்பாடாம். ஒரு வருடமாகவா பூச்சு வேலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். இன்னும் கேளுங்கள்: இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே வந்திருந்தபோது, நான் குளிக்கப் போன நேரத்தில் என் தொட்டியை வெயில் பக்கம் திருப்பி வைக்கப் பார்த்து, அசையாமல் போகவே ஒரு கட்டையால் நெம்பி, குனிந்து அடியில் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு இவளிடம், "சம்பந்தியம்மா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரிட்டயர் ஆனப்புறம் அவர் சந்தோஷமா பேசுறது இதைப் பத்தி மட்டும்தான்" என்றீர்களாம்.

அதனால் மேலே எழுதிய மன்னிப்பு செல்லாது. சாகாத மரத்துக்குக் கேட்டது. செத்துக்கொண்டிருப்பது என் மரம், அதற்கு நான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வெட்கம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. வண்டி வேண்டாம், பதினெட்டாம் தேதி நானே பஸ் ஏறி வருகிறேன். பின்கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் மரத்திலிருந்து நடுவதற்கு ஒரு குச்சி வெட்டிக் கொடுங்கள் போதும். எங்கே, எப்படி நடுவது என்று நீங்கள் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.