பஞ்சாரம் கட்டிய துரைசாணி

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயது ஆயிற்று. அதற்கு முன்பு யார் எதைக் கேட்டாலும், "இதென்ன பெரிய விஷயம்" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லி நான் கெடுத்த காரியங்களில் முதல் இடம், ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் கவுனுக்குத்தான்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்கு இரண்டு குழந்தைகள், ஒரு மாமியார், வயலே கதியென்று கிடக்கும் ஒரு கணவர். கல்யாணத்தில் அம்மா வீட்டார் கொடுத்த தையல் மிஷினும் இருந்தது. மிஷின் இருப்பதாலேயே எனக்குத் தையல் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை. (என் கணவருக்கு நான் தைத்த ஒரே சட்டையை அவர் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்டுவிட்டார். காக்கைகள் மிரண்டன என்பது உண்மை.)

உண்மையில் தைக்கத் தெரிந்தவள் ஸ்டெல்லா. காலனியில் இருந்தாள். எட்டாவது வரை படித்து, கன்னியாஸ்திரிகளிடம் தையல் கற்றவள். ஆனால் மிஷின் இல்லை. அதனால் எங்கள் வயலிலும் பிறர் வயலிலும் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு தையல் மிஷின் கிடைக்கும் என்று பேச்சு வந்தது. எங்கள் ஊருக்கா, பக்கத்து ஊருக்கா என்பதை, நேரில் வந்து பார்த்துத்தான் அதிகாரி அம்மா முடிவு செய்வாராம். வந்தால் அது ஸ்டெல்லாவுக்கு என்று சங்கத்தில் எல்லோருமாகப் பேசி வைத்தாயிற்று. ஸ்டெல்லா தன் அம்மாவிடம், அடுத்த நடவுக்குத் தான் சேற்றில் இறங்கப் போவதில்லை என்றே சொல்லிவிட்டாள்.

அதிகாரி வருகிற நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சரித்திர நாடகம் போடலாம், உடைகளை நாமே தைத்து அசத்தலாம் என்று யோசனை சொன்னவள் பத்மா. தபால் ஆபீஸ்காரர் மனைவி, சங்கத்தின் செயலாளர். கதை சுலபம். ஒரு ராஜாவிடம் வரி கேட்டு வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் வருகிறார்கள், ராஜா மறுக்கிறார். பத்மா ராஜா. பள்ளிக்கூட டீச்சர் துரை. துரைசாணி யார் என்று கேட்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பத்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியில் ஒரு வெள்ளைக்காரி, இடுப்புக்குக் கீழே குடை விரித்த மாதிரி கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் மூன்று அடுக்கு லேஸ், கழுத்தில் சுருக்கு, முதுகில் முடிச்சு. ஸ்டெல்லா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கஸ்டம்தான்" என்றாள். நான் வழக்கம்போல, இதென்ன பெரிய விஷயம் என்றேன்.

மிஷின் கூடத்தில் இருந்தது. ஸ்டெல்லா தைக்க வருகிறாள் என்றதும் மாமியார் அதைப் பின்பக்கம் மாட்டுக் கொட்டாய்க்குத் தூக்கிப் போட வைத்தார். காலனிப் பெண் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது, அன்றைக்கு இருக்கவில்லை என்பது அதைவிடக் கூச்சம்.

வயல் வேலை முடிந்து, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு மூன்று மணிக்கு ஸ்டெல்லா வருவாள். பத்மா தபால் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். என் சின்னவன் கொட்டாய்த் தூணில் கட்டிய தூளியில் கிடப்பான். நான் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, இங்கே சுருக்கு வை, அங்கே சுருக்கு வை என்று உத்தரவு போடுவேன். நடுவில் அடுப்பில் பருப்பு பொங்கும், ஓடுவேன். பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து லேஸைத் தலையில் கட்டிக்கொள்வாள், பிடுங்குவேன். என் ஊதாப் பட்டுப் புடவையும் பத்மாவின் இரண்டு ஜன்னல் திரைகளும் பாவாடையாயின. பழைய கொசுவலை லேஸாயிற்று. கிழிந்த காஞ்சிபுரம் சேலையின் ஜரிகை, ராஜாவின் அங்கியில் ஏறியது. மூன்று வாரத்தில், மாட்டுக் கொட்டாயில், மூன்று பெண்பிள்ளைகள் ஒரு சீமையையே தைத்து முடித்தோம். (தைத்தவள் ஒருத்திதான்.)

எல்லாம் சரி, பாவாடை மட்டும் விரியவில்லை. நனைந்த கொடித்துணி மாதிரி காலோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. கஞ்சி போட்டுப் பார்த்தோம், மாடு நக்கிவிட்டது. அப்போதுதான் கொட்டாய் மூலையில் கவிழ்ந்து கிடந்த கோழிப் பஞ்சாரம் என் கண்ணில் பட்டது. கோழியையும் குஞ்சுகளையும் மூடி வைக்கும் பெரிய மூங்கில் கூடை. மாமியாருடையது. அவர் பழையசீவரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அரிவாளை எடுத்து மேல்பக்கத்தை இடுப்பு நுழைகிற அளவுக்கு வெட்டினேன். பாவாடையை அதன்மேல் போட்டதும், டப்பா மூடியில் இருந்தவள் எங்கள் கொட்டாயில் நின்றாள். பத்மா கையைத் தட்டினாள்.

ஸ்டெல்லா தட்டவில்லை. "வசந்தாம்மா, அது அடகோழி குந்திக்கினு இருந்த பஞ்சாரம். நெருப்புல காட்டி, ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டு அப்பறம் கட்டுங்க" என்றாள்.

நெருப்பில் காட்டினால் கரி பிடிக்கும், கரி பட்டுப் புடவையில் ஒட்டும் என்றேன். ஈரத் துணியால் துடைத்தாகிவிட்டது, நீ தையலைப் பார் என்றும் சொன்னேன். அவள் தையலைப் பார்த்தாள்.

நாடக நாள். அந்தக் கவுனோடு எந்த வாசலிலும் நுழைய முடியாது என்பதால், மேடையிலேயே திரைக்குப் பின்னால் வைத்து என்னை அதற்குள் இறக்கினார்கள். தோளில் காடாத்துணிப் பட்டை போட்டுப் பஞ்சாரத்தைக் கட்டினாள் ஸ்டெல்லா. முன்வரிசையில் அதிகாரி அம்மா. அவருக்கு இரண்டு வரிசை தள்ளி, அன்று மதியம்தான் ஊர் திரும்பியிருந்த என் மாமியார். திரை விலகியதும் கூட்டம் "ஆ" என்றது. அதிகாரி அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். யார் தைத்தது என்றுதான் கேட்டாராம், பிறகு தெரிந்தது. காரியம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன்.

முதலில் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. பிறகு தொடையில். கோழியில்லாமல் நாலைந்து நாளாக மூங்கில் இடுக்கில் பட்டினி கிடந்த கோழிப்பேன்கள் அத்தனையும், உடம்புச் சூடு கிடைத்ததும் விருந்துக்குக் கிளம்பியிருந்தன. சொறியலாம் என்றால் கை எட்டாது. பஞ்சாரம் என்னைச் சுற்றி இரண்டு முழத்துக்கு வேலி போட்டிருந்தது. ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்தேன். கவுன் இடமும் வலமுமாக மணி மாதிரி ஆடியது. வெள்ளைக்காரி டான்ஸ் ஆடுகிறாள் என்று பின்வரிசையில் விசில் பறந்தது.

இந்த நிலையில் என் ஒரே வசனம் வந்தது. ராஜாவை முறைத்துக்கொண்டு சொன்னேன்: "வரி வந்து சேரும்வரை இந்த இடத்தை விட்டு ஓரடி நகரமாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ஓடினேன். பக்கவாட்டில் மூங்கில் கம்பங்களுக்கு நடுவே கவுன் நுழையாது, அதனால் முன்பக்கம்தான் வழி. படியில் பஞ்சாரம் தட்டி, நேரே அதிகாரி அம்மாவின் மேல் போய் விழுந்தேன். நல்ல மனுஷி, இரண்டு கையாலும் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கோழிப்பேன்களும் நன்றி மறக்காமல் அவரிடம் பாதி இடம்பெயர்ந்தன. விழுந்த வேகத்தில் பட்டு கிழிந்து மூங்கில் தெரிந்தது.

மைதானம் அடங்கியிருந்த அந்த ஒரு நிமிஷத்தில் மாமியாரின் குரல் கேட்டது. "அய்ய, அது எங்க வூட்டுப் பஞ்சாரம். குஞ்சையெல்லாம் பருந்து தூக்கிக்கினு போவுது, இவ இன்னாடான்னா இடுப்புல கட்டிக்கினு கீறா."

அதிகாரி அம்மா கழுத்தைச் சொறிந்துகொண்டே ஜீப்பில் ஏறினார். மிஷின் பக்கத்து ஊருக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா தன் கத்திரிக்கோலை எடுத்துப் போக வந்தாள். மஞ்சளும் வேப்பிலையும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "நான் சொன்னத கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நடவு இருக்கிறதென்று போய்விட்டாள். எங்கள் வயலுக்குத்தான். ஊர் சிரித்ததைக்கூட மறந்துவிடலாம். அவள் சேற்றில் இறங்கியதற்கு நான்தான் காரணம் என்பதை மறக்க முடியவில்லை.

என் மிஷினை அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கணவர் முகத்தில், சட்டைகள் பிழைத்தன என்ற நிம்மதி தெரிந்தது. மாமியார் சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். அவர், "மொதல்ல எனக்கு ஒரு பஞ்சாரம் வாங்கி வை. அப்பறம் எதைனா தூக்கிக் குடு" என்றார்.

ஸ்டெல்லா உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள்: "சும்மா வாங்கிக்க மாட்டேன். உங்க வூட்டுத் துணியெல்லாம் நான் தெச்சுத் தரேன். ஆனா நீங்க என் வூட்டுக்கு வந்து அளவு குடுக்கணும். மாட்டுக் கொட்டாய்ல குந்தி இனிமே தெக்க மாட்டேன்."

இதெல்லாம் நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் யாராவது ஓரிடத்தில் நிற்காமல் நெளிந்தால், "இன்னா, பஞ்சாரம் கட்டிக்கினு கீறியா?" என்று பேரன்வரை கேட்கிறான். ஸ்டெல்லா வீட்டில் இப்போது நான்கு மிஷின்கள் ஓடுகின்றன. வசந்தாம்மா போய் யக்கா ஆகி வெகுகாலமாயிற்று. ஆனால் ரவிக்கை அளவு கொடுக்க எப்போது போனாலும், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"யக்கா, அங்கியே நில்லு. இன்னிக்குக் கோழி எதுனா தொட்டியா?"

எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பதை விட்டு இருபது வருஷம் ஆகிறது. இருந்தாலும் இல்லை என்று பதில் சொன்ன பிறகுதான் உள்ளே விடுவாள். மாமியார் உயிரோடு இருந்தபோது, கண் தெரியாத வயதில், அவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். பெரியவர் என்று அவரை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விடவில்லை, அதே கேள்வியைக் கேட்டாள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பிறகு, "தொடலம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டார்.