பின்வரிசையில் ரஞ்சிதா

இந்த முறை காய்ச்சல் சரிப்படாது என்று பூபதி முடிவு கட்டிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு அது நன்றாகவே வேலை செய்தது. நர்ஸ் ரஞ்சிதாவுக்குச் சேலத்தில் மூன்று வாரப் பயிற்சி என்று கடிதம் வந்த அன்றே புருஷன் பூபதிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அவள் போகவில்லை. அவளோடு வேலைக்குச் சேர்ந்த பொன்னம்மாள் போனாள், பதவி உயர்வும் வாங்கினாள். இன்று ரஞ்சிதா லீவு கேட்டு நிற்பது அவளிடம்தான். இப்போது அதே கடிதம் மறுபடி வந்திருக்கிறது. இதையும் விட்டால் வயது தாண்டிவிடும். ஆனால் மூன்று வாரம் தனியாக இருப்பதை நினைத்தாலே பூபதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவருக்கும் ஒரு வித்தை தெரியும். மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு அவருடையது. மலையில் எத்தனை ஏக்கர் மரவள்ளி, எத்தனை மிளகுக் கொடி என்று கம்ப்யூட்டரில் எக்செல்லில் ஏற்றி, முப்பரிமாணப் படத்தில் தூண்களாக நிறுத்துவார். குட்டையான சாதனையை முன்வரிசையில் நிறுத்தி, எட்டாத இலக்கைப் பின்னால் ஒளித்தால் ஆய்வுக் கூட்டம் டீயோடு முடிந்துவிடும். எண்ணில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவருடைய பொய்யெல்லாம் தோற்றத்தில்தான்.

ஒரு வாரம் வீட்டு வேலைகளைக் குறித்துவைத்தார். நேர்மையான எண்கள்: அவருக்கு நான்கு மணி நேரம், அவளுக்கு முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒப்பனை ஆரம்பமானது. தம் தூண்களை முன்னால் இழுத்துச் செக்கச்செவேல் என்று நிறம் கொடுத்தார். தரையில் படுத்துப் பார்ப்பதுபோல் கோணத்தைத் தாழ்த்தினார். கிட்டத்தில் நிற்பது பூதாகாரமாகவும் தூரத்தில் நிற்பது சுருங்கியும் தெரியும்படி மாற்றினார். ரஞ்சிதாவின் தூண்களுக்குப் பின்சுவரின் சாம்பல் நிறத்தையே பூசினார். பனி இறங்கிய மலை மாதிரி அவள் காணாமல் போனாள்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஏனுங்க, இது என்ன?”

“போன வாரம் ஊட்டு வேலைய யாரு யாரு எவ்வளவு செஞ்சோம்னு ஒரு படம்.”

“செவப்பா நிக்கறது?”

“நான்தான்.”

“நான் எங்கீங்க?”

“பின்னால இருக்கற, புள்ள. நல்லாப் பாரு.”

அவள் திரையோடு மூக்கை வைத்துப் பார்த்தாள். “தெரியலீங்களே.”

“கொஞ்சமா இருந்தா எப்படித் தெரியும்? நான் ஒண்டியா இத்தனையும் சுமக்கறேன். இதுல நீயும் சேலத்துக்குப் போய்ட்டா நான் தாங்குவனா, சொல்லு.”

அவள் கோபப்படவில்லை. அப்போதே பூபதி பயந்திருக்க வேண்டும். போனில் அந்தப் படத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவரும் ஜெயித்துவிட்ட நினைப்பில் இரண்டாவது காபி கேட்டுக் குடித்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பரணிலிருந்து பை இறங்கியது.

“எங்க புள்ள?”

“சேலத்துக்குங்க. நானில்லாட்டி ஊடு என்னாகுமோன்னு மூணு வருசமா பயந்துக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் நீங்கதான் பாத்துக்கறீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் இருந்து என்னங்க, போயி என்னங்க?”

பூபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “செரி, ராசிபுரத்துல இருந்து அம்மாவையாச்சும் வரச் சொல்றேன்.”

“அத்தைக்கு அந்தப் போட்டோவை அனுப்பிட்டேங்க. ‘எம்மவன் இத்தனை வேலை செய்யறானா, அப்பறம் நான் எதுக்கு மலையேறோணும்’னு கேக்கறாங்க.”

வேறு வழியில்லை. பூபதி மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தார். கோணத்தை உயர்த்தினார். படத்தை அரை வட்டம் திருப்பினார். சாம்பல் தூண்களுக்கு நல்ல மஞ்சள் கொடுத்தார். சமையல், பாத்திரம், துணி, அவருடைய சட்டைக்கு இஸ்திரி என்று ஒவ்வொன்றாக எழும்பித் திரையை அடைத்தன. அவற்றின் காலடியில் சிவப்பாக ஏதோ கிடந்தது.

முப்பத்தெட்டு என்று தட்டியபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது வெட்கமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு பொய்க் காய்ச்சலோடு போர்வைக்குள் முனகிக்கொண்டே, அவள் அந்தக் கடிதத்தை நான்காக மடித்து அலமாரியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எழுந்து உட்கார்ந்து ‘போய்ட்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதாவது சொல்லலாம். ஆனால் பழக்கதோஷம் விடவில்லை.

“இங்க பாரு புள்ள. இதுதான் நெசம். எல்லாம் நீதான் செய்யற. நீ இல்லாட்டி இந்த ஊடு ஒரு நாள் ஓடாது.”

ரஞ்சிதா புடவையை மடிப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். மஞ்சள் தூண்களை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியதுபோல் இருந்தது. பூபதிக்கு நம்பிக்கை பிறந்தது.

“காத்தால காட்டின பக்கம் பாத்தா, நான் போலாம்” என்றாள். “இந்தப் பக்கம் பாத்தா, நான் போயே ஆகோணுங்க.”